நேர்ந்துவிட்ட கிடாவின் வயிறு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் அதுவரை என்மேல் உங்களுக்கு வந்திருக்கும் நல்ல அபிப்பிராயம் கெட்டுப்போகும். முதலிலேயே சொல்லிவிட்டால் கெடுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஒரு கிழட்டு வெள்ளாட்டுக் கிடாவுக்கு நான் தாம்பூலம் மடித்துக் கொடுத்தேன். வெறும் வெற்றிலையாகக் கொடுத்திருந்தால் வைத்தியம் என்று தப்பித்திருப்பேன். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து, சம்பந்தி வீட்டாருக்கு மடிப்பதுபோல மடித்து, இரண்டு கையாலும் அதன் வாயில் வைத்தேன். வெற்றிலை சீரணத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு எப்படி நல்லதோ அப்படியே அதற்கும் நல்லதாக இருக்கட்டும் என்று சுண்ணாம்பை மட்டும் தாராளமாகத் தடவினேன்.

கிடா கொஞ்சம் மென்றது. என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலைச் சுற்றி ஓடித் திரும்பி வந்து என் தொடையில் முட்டியது. அதற்குப் பல் போயிருந்ததே தவிர கொம்புக்கு வயசாகவில்லை. அதன்பிறகு கொஞ்ச நாள் நின்றபடியேதான் வேலை பார்த்தேன். நான் பஸ் கண்டக்டர் என்பதால் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு என் அக்கா சிரித்தாள். அடுப்படி வாசலில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்காக இன்னும் நாலு முட்டு வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இதெல்லாம் தொடங்கியது சண்டைக் காலத்தில். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஓடிய கரி பஸ்ஸில் நான் இருந்தேன். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய இரும்பு உருளையை மாட்டி, அதில் கரியைப் போட்டுப் புகைய வைத்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினோம். ஓட்டினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட் வாங்காதவர்கள் அதற்குள் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அக்காவை விக்கிரமங்கலத்தில் கொடுத்திருந்தோம். மாமாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு சோடி மாடு. அவர்களுக்கு ஒரே மகன். தாய் செத்துப்போன ஒரு வெள்ளாட்டுக் குட்டியைத் துணித்திரியால் பால் குடிப்பாட்டி அவன்தான் வளர்த்தான். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அது கிடாவாகிக் கொம்பு முளைத்த பிறகும் அவன் பாயில்தான் படுத்தது. அதன் நாற்றம் அவன் சட்டையில் எப்போதும் இருக்கும். அப்படியே பட்டாளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல். மலேயாவிலிருந்து கடுதாசி வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் விழுந்தது. கடுதாசி நின்றது.

அப்போதுதான் அக்கா நேர்ந்துகொண்டாள். மகன் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் அவன் வளர்த்த கிடாவையே எல்லைச்சாமிக்குக் கொடுப்பதாக.

"ஏன்க்கா, ஊருல வேற ஆடே இல்லியா?" என்று கேட்டேன்.

"சாமிகிட்ட பேரம் பேசுறப்ப மட்டமான சரக்கக் காட்டலாமாடா?"

"அவன் வந்து, என் கிடாவ எப்பிடி வெட்டுவீங்கன்னு குதிப்பானே."

"குதிக்கட்டும். வந்து குதிக்கட்டும். அதுக்குப் பொறவு அவனும் சாமியும் பேசி முடிச்சுக்கட்டும்."

கிடாவின் காதில் ஒரு துண்டு அறுத்து, கழுத்தில் மஞ்சள் துணி கட்டினார்கள். நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. இதெல்லாம் வாயால் சொல்கிற விதி. வாயால் சொல்லாத விதி ஒன்று உண்டு. வேண்டுதல் பலிப்பதற்கு முன்னால் கிடா தானாகச் செத்துவிட்டால், சாமி அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எதற்காக நேர்ந்தோமோ அது இல்லை என்று அர்த்தம். இதை அக்காவிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. அந்த ஆட்டின் மூச்சையும் மகனின் மூச்சையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

சாமிக்கு உரியது என்பதால் கிடாவை அவள் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவாள். "வாங்க, தண்ணி குடிங்க, அந்தப் பக்கம் போகாதீங்க." அந்த வீட்டில் மரியாதை வாங்கியவர்கள் மாமாவும் கிடாவும். கிடாவுக்குக் குரலில் கொஞ்சம் குழைவு கூடுதல். மாமா இதைக் கவனித்திருந்தார். "என்னையும் காதுல ஒரு துண்டு அறுத்து விட்டுடு" என்று ஒருநாள் சொன்னார்.

சண்டை முடிந்தது. அரியலூர் ரயிலடியில் பட்டாளத்துக்காரர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். டிரங்குப் பெட்டியோடு என் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் கேட்பேன். விக்கிரமங்கலத்துப் பையன், நல்ல உயரம், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. இல்லை என்பார்கள். சிலர் இல்லை என்றுகூடச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

இதற்குள் கிடா கிழடாகிவிட்டது. முன்பல் தேய்ந்து, பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. தழையைக் கடித்து இழுக்க முடியவில்லை. இழுத்ததை மெல்ல முடியவில்லை. மெல்லாமல் விழுங்கியது செரிக்கவில்லை. சாயங்காலமானால் வயிறு உப்பிக்கொள்ளும். இடது விலாவுக்குப் பின்னால் தட்டினால் தமுக்கு மாதிரிச் சத்தம் வரும். அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நிற்கும். அக்கா அதன் எதிரில் உட்கார்ந்து அதன் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது ஒருமுறை அசைந்தால் போதும், எழுந்துபோய் உலை வைப்பாள்.

பல் இல்லாததற்குச் சோறுதான் சரி என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். அரிசிக்கு ரேஷன் இருந்த சமயம். தன் பங்கைக் குழையவைத்துக் கிடாவுக்கு ஊட்டிவிட்டு, தான் கம்பங்கூழைக் குடித்தாள். கிடா இன்னும் உப்பியது.

"தழ திங்குற சாதிக்குச் சோத்தப் போட்டா உப்பாம என்னா பண்ணும்?" என்று மாமா கத்தினார். "வவுத்துல போய்ப் பொங்குதுடி அது! நீ பட்டினி கெடந்து அதக் கொல்ற!"

அக்கா அன்றிலிருந்து உரலில் தழை இடிக்க ஆரம்பித்தாள். முருங்கைத்தழை, அகத்தி, கொஞ்சம் பிரண்டை. நெல் குத்துவதுபோல நின்று குத்தி, விழுதாக்கி, உருண்டை பிடித்து ஊட்டினாள். ஊரில் எல்லார் வீட்டு உரலிலும் தானியம் இடிபட்ட சத்தம் அடங்கிய பிறகும் அவள் உலக்கைச் சத்தம் கேட்கும்.

நான் மருந்து சேகரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். கண்டக்டருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பஸ்ஸில் வைத்தியம் தெரியாதவர் ஏறமாட்டார். வயிற்று உப்புசம் என்று நான் ஆரம்பித்தால் போதும், முன்சீட்டிலிருந்து பின்சீட்டுவரை மருந்து கிளம்பும். சீரகம், சுக்கு, பெருங்காயம், பூண்டும் மிளகும் வெல்லத்தில் இடித்தது, வசம்பு சுட்ட கரி. ஓமத்தை மோரில் கலந்து கொடுக்கச் சொன்ன அம்மாள், கடைசியில் இறங்கும்போது, "பொஞ்சாதிக்கு எத்தன மாசம்?" என்று கேட்டாள். ஆட்டுக்கு என்றேன். இறங்கின பிறகும் ரோட்டில் நின்று என்னைத் திட்டினாள். வெற்றிலை யோசனையும் இப்படி வந்ததுதான்.

லீவு நாளில் பொட்டலங்களோடு அரியலூரிலிருந்து வண்டி பிடித்தோ நடந்தோ விக்கிரமங்கலம் போவேன். மருந்தை மூங்கில் குழாயில் ஊற்றி, கிடாவின் வாய் ஓரத்தில் செருகிச் சாய்ப்பது என் வேலை. ஆரம்பத்தில் திமிறியது. போகப்போக என் கையைப் பார்த்ததும் தானாகவே முகத்தைத் தூக்கி வாயைத் திறக்கும். திரும்பி வந்து பஸ்ஸில் ஏறினால் என்னைச் சுற்றி இரண்டு சீட்டு காலியாகும். கிடா நாற்றம். முதலாளிக்கு என்னால் நஷ்டம்.

ஒருநாள் அரியலூரில் ஏறிய ஒரு பட்டாளத்துக்காரர், கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்ட கம்பெனியில் இருந்தவர். வழக்கம்போல என் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"அந்தப் பக்கம் போனவங்க எத்தனையோ பேருங்க" என்றார். "யார யாருன்னு சொல்றது?"

அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உடனே ஆட்டின் வயிற்றைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"கரி குடுத்துப் பாத்தீங்களா? நல்ல மரக்கரியா எடுத்து, மாவாட்டம் பொடிச்சு, தண்ணியில கரைச்சுக் குடுங்க. எங்க கழுதைங்களுக்கு வவுறு ஊதுனா அதாங்க மருந்து."

மனுஷனைப் பற்றிக் கேட்டதற்கு இல்லாத பதில் ஆட்டைப் பற்றிக் கேட்டதற்கு அவரிடம் இருந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸின் கரி மூட்டை.

"ஏன்யா, வண்டிக்கே பத்தல, மூட்டையில கைய வக்கிற?" என்றார் டிரைவர்.

"ஒரு புடிதாண்ணே. எங்க அக்கா வூட்டு ஆட்டுக்கு."

"ஏன், அதுவும் மேட்டுல நின்னுடுதா?"

கரி வேலை செய்தது. நான் கொடுத்த அத்தனையிலும் உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான். சாயங்காலம் உப்பிய வயிறு, விளக்கேற்றும் நேரத்தில் தணிந்தது. கிடா ஒரு ஏப்பம் விட்டது, பந்தியில் கடைசியாக எழுந்திருக்கிற பெரியமனிதர் மாதிரி. பிறகு தாடை அசைந்தது. மெதுவாக, பக்கவாட்டில், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அக்கா மாமாவைக் கூப்பிட்டாள். மூவரும் நின்று ஒரு ஆடு அசைபோடுவதைப் பார்த்தோம். தேர் பார்க்க நின்றபோதுகூட நாங்கள் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை.

அதன்பிறகு அதற்கும் பஸ்ஸுக்கும் ஒரே தீனி. காலையில் ஓமம் போட்ட மோர், மத்தியானம் இடித்த தழை, சாயங்காலம் கரி. அந்த வருஷத்தை அப்படியே ஓட்டினோம். கிடாவின் வயிறு ஒழுங்காக இருந்தது. அக்காவின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. ரயிலடியில் இறங்குகிற பட்டாளத்துக்காரர்கள் குறைந்து, பிறகு நின்றுபோனார்கள். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நான் போனதும் என் பைக்குள் என்ன பொட்டலம் என்று மட்டும் பார்ப்பாள்.

கரியும் ஒரு கட்டத்தில் தோற்றது. கிடா எழுந்து நிற்கவே மாமா தூக்கிவிட வேண்டியிருந்தது. ஒருநாள் மாமா என்னைக் களத்துமேட்டுக்குக் கூட்டிப்போனார்.

"மாப்ள, மூச்சு இருக்கறப்பவே சாமிக்குக் குடுத்துடுவோம். தானாப் போச்சுன்னா..." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் சொன்னா எரிஞ்சு விழுவா. நீ உன் கோமாளித்தனத்துல சொல்லு."

அக்கா உரலண்டை இருந்தாள்.

"அக்கா, மாமா என்ன சொல்றாருன்னா..."

"அவரு சொல்றத அவரு சொல்லட்டும். நீ என்ன சொல்ற?"

எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துப் பேசினேன். "பஸ்ஸுல ஏறுனதுமே டிக்கெட்டு வாங்கிடறோம்ல? ஊரு போய்ச் சேந்த பொறவா வாங்குறோம்? அதுமாதிரி சாமிக்கும் முன்னாடியே குடுத்துட்டா..."

"உன் பஸ்ஸு என்னிக்குடா ஊரு போய்ச் சேந்துருக்கு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வந்தாத் தர்றேன்னு சொன்னேன். வராம எப்பிடித் தர்றது?" என்றாள், என்னிடம் இல்லை, உலக்கையிடம். இன்னும் நாலு குத்து குத்திவிட்டு, "அது படுற பாட்டயும் பாக்க முடியல. உங்க இஷ்டம்" என்றாள்.

கிடாவைக் குளிப்பாட்டி, புதுசாக மஞ்சள் துணி கட்டி, மாமா தோளில் தூக்கிவந்தார். எல்லைச்சாமி கோயில் என்பது ஒரு வேப்பமரம், நாலைந்து கல், ஊன்றின சூலம். கிடாவை வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உத்தரவு கேட்பார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். சிலுப்பாமல் கத்தி எடுக்க முடியாது.

பூசாரி செம்பைச் சாய்த்தார். தண்ணீர் நெற்றிச் சுட்டியில் விழுந்து முதுகு வழியாக ஓடி வால்வரை சொட்டியது. கிடா நின்றது. மழையில் நனைந்துகொண்டு வராத பஸ்ஸுக்கு நிற்கிற பிரயாணியைப்போல நின்றது. மறுபடியும் ஊற்றினார். தோல் ஓர் இடத்தில் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான்.

மாமா என் காதோரம் வந்தார். "காதுக்குள்ள ரெண்டு சொட்டு விடுடா. தன்னால சிலுப்பும். உன் கைன்னா பயப்படாது."

ஊரில் எல்லாரும் செய்கிற தந்திரம்தான். செம்பிலிருந்து கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போனேன். கிடா என் கையைப் பார்த்தது. முகத்தைத் தூக்கி வாயைத் திறந்தது.

அங்கே நின்ற கூட்டத்துக்கு இது என்ன என்று தெரியாது. அதற்கு மருந்து வேளை. என் விரல் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஒழுகிப்போனது.

எனக்குப் பின்னால் அக்கா கைகூப்பி நின்றாள். கண் மூடியிருந்தது, உதடு அசைந்தது. மகனுக்காக வேண்டுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். கிட்டே நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"சிலுப்பாதீங்க. சிலுப்பாதீங்க."

பூசாரி செம்பைக் கவிழ்த்து வைத்தார். "உத்தரவு கெடைக்கல. கூட்டிட்டுப் போங்க."

திரும்பும்போது கிடாவை நான் சுமந்தேன். எடையே இல்லை. ஏதாவது தமாஷ் சொல்லி நடக்கலாம் என்று பார்த்தேன். "சாமிக்கும் இன்னிக்கு வவுறு சரியில்லபோல" என்றேன். மாமா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா கிடாவுக்குத் தழை உருண்டை ஊட்டினாள். அப்புறம் அவளும் உட்கார்ந்து சாப்பிட்டாள். சட்டியில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டாள்.

அடுத்த லீவுக்கு முன்னாலேயே, ஒரு மத்தியானம், மாமா அரியலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார். ஏறவில்லை. படியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார்.

"போயிருச்சு, மாப்ள."

டிரைவர் என் பையை வாங்கி மாட்டிக்கொண்டு, "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

வழியில் மாமா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அக்கா தழை இடித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் முதுகுக்குப் பின்னால், சத்தமில்லாமல் போயிருக்கிறது. உருண்டையோடு திரும்பியபோதுதான் பார்த்திருக்கிறாள். தோலுக்கு ஆள் வந்து கேட்டானாம். கொடுக்கவில்லை. காதறுந்த கிடாவை அப்படியே, மஞ்சள் துணியோடு, களத்து ஓரத்தில் மாமாவே குழிவெட்டிப் புதைத்திருக்கிறார். "அவ அழுவல மாப்ள. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நான் போனபோது அக்கா உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உரல் குழியில் பச்சை ஏறிப்போயிருந்தது. தேங்காய் நாரால் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றினாள். மறுபடி தேய்த்தாள். என் பையைப் பார்க்கவில்லை. பைக்குள் ஓம வாட்டர் பாட்டில் ஒன்று, ஒரு பொட்டலம் கரித்தூள்.

பக்கத்தில் குந்தினேன். வாய் சும்மா இருக்கவில்லை. வழி முழுக்க நான் யோசித்து வைத்திருந்தது ஒன்று இருந்தது, அதைச் சொன்னால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள் என்று நம்பினேன்.

"அக்கா, அரியலூருல ஒரு குட்டி பாத்து வச்சிருக்கேன். அதே கறுப்பு. நெத்தியில அதே சுட்டி. அத நேந்து விட்டுடுவோம். பல்லெல்லாம் கெட்டியா இருக்கு, பத்து வருஷம் தாங்கும்."

அவள் உரலில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கையால் வழித்து வெளியே கொட்டினாள்.

"யாரு வர்றதுக்குடா?"